போல்ட்டைக் கழற்றும் கைகளுக்கு

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் வயர்மேன்களுக்கும் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையோரம் ஓடுகிற மோட்டார்களில் பெரும்பாலானவை என்றைக்காவது ஒருநாள் உங்கள் பட்டறைக்கு வந்துதான் போகின்றன. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புசெட் வரும், அரிசி ஆலையின் எலிவேட்டர் மோட்டார் வரும், கல்யாண மண்டபத்து போர்வெல் மோட்டார் வரும். இவற்றோடு எப்போதாவது வேறு சாதி மோட்டார் ஒன்றும் வரும். தடித்த வார்ப்பிரும்பு உடம்பு, கனத்த டெர்மினல் பாக்ஸ், மூடியைச் சுற்றி நெருக்கமாகப் போல்ட்டுகள். எஃப்.எல்.பி. (ஃபிளேம்ப்ரூஃப்) மோட்டார் என்போம். பெட்ரோல் ஆவி, சமையல் கேஸ், ஹெக்சேன், ஹைட்ரஜன் என்று பற்றிக்கொள்ளும் வாயு காற்றில் கலந்திருக்கக்கூடிய இடங்களுக்கென்றே செய்தது.

இந்த மடல் அந்த ஒரு மோட்டாரைப் பற்றியது. அதற்குச் சான்றிதழ் கொடுத்தவர்கள் தன்பாத்திலும் நாக்பூரிலும் இருக்கிறார்கள். அது கம்பெனியை விட்டு வெளியே வந்த பிறகு அதைத் திறந்து மூடுகிறவர்கள் நீங்கள். நீங்கள் மூடிய பிறகும் அந்தச் சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்பதை உங்கள் கை வேலைதான் முடிவு செய்கிறது. இதை உங்களிடம் யாரும் எடுத்துச் சொன்னதில்லை. இதற்கென்று தனிக் கூலி கொடுத்தவரும் இல்லை. ஆலைப் பராமரிப்பில் வயதைக் கழித்தவன் என்ற முறையில் நான் சொல்லிவிட நினைக்கிறேன்.

எஃப்.எல்.பி. என்றால் கேஸ் உள்ளே போகாதபடி இறுக்கி மூடியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது அப்படி வேலை செய்வதில்லை. மோட்டார் ஓடும்போது சூடாகி உள்ளிருக்கும் காற்று வெளியேறும். நின்று ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வெளியே கேஸ் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். உள்ளே டெர்மினல் லூஸாகி ஒரு பொறி வந்தால், உள்ளேயே வெடிக்கும். வெடிக்கட்டும் என்றுதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். உடம்பு அந்த வெடிப்பைத் தாங்க வேண்டும். மூடிக்கும் உடம்புக்கும் இடையில் உள்ள மெல்லிய இடுக்கு வழியாகக் கொதிக்கும் வாயு வெளியேறும்போது, இருபக்க இரும்பிலும் சூட்டை இழந்து, வெளியே வரும்போது தீயாக இருக்கக் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார்ல் பெய்லிங் என்ற பொறியாளர், நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேன் வெடிப்புகளைத் தடுக்கச் சோதனை மேல் சோதனை செய்து நிலைநாட்டிய முறை இது.

தன்பாத்தில் சிம்ஃபர் என்று அழைக்கப்படும் மத்தியச் சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற கூடங்களில் இதைத்தான் சோதிக்கிறார்கள். மோட்டாரின் உள்ளேயும் கேஸ், அதைச் சுற்றியுள்ள அறையிலும் கேஸ். உள்ளே பொறி வைப்பார்கள். உள்ளே வெடிக்க வேண்டும், வெளியே இருப்பது பற்றக் கூடாது. இப்படிப் பலமுறை தாங்கினால்தான் தேர்ச்சி. அந்த அறிக்கையையும் வரைபடங்களையும் பார்த்து, பெட்ரோலியம் கையாளும் இடங்களில் அதைப் பயன்படுத்த ஒப்புதல் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. 1898-இல் வெடிபொருள் துறையாகத் தொடங்கியது; நமக்குப் பக்கத்தில் சிவகாசியிலும் அதற்கு அலுவலகம் உண்டு. ஒப்புதல் இல்லாத மின் சாதனத்தை அத்தகைய இடத்தில் மாட்டக் கூடாது என்பது 2002-ஆம் ஆண்டுப் பெட்ரோலிய விதிகளின் கட்டளை.

அந்த இடுக்கு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். சோதனைக் கூடத்தில் புரொப்பேன் தீ தாண்டிவிடாத அதிகபட்ச இடைவெளி 0.92 மில்லிமீட்டர். எத்திலீனுக்கு 0.65. ஹைட்ரஜனுக்கு வெறும் 0.29. தயாரிப்பில் அனுமதிக்கும் அளவு இதற்கும் கீழே. உங்கள் ஃபீலர் கேஜில் மெல்லிய தகடுகளாகப் பார்த்து எடுக்க வேண்டிய அளவு. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நேம் பிளேட்டில் முறையே 2ஏ, 2பி, 2சி என்று பிரித்திருக்கிறார்கள். 2ஏ மோட்டாரை ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் மாட்டினால் அது எஃப்.எல்.பி. இல்லை, வெறும் கனத்த மோட்டார்.

போல்ட்டுக்கு வருவோம். கேஸும் காற்றும் சரியான அளவில் கலந்து மூடிய பெட்டிக்குள் வெடித்தால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ அளவுக்கு எகிறும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் அந்த மூடியை வெளியே தள்ளும் விசை இரண்டரை டன். எட்டு போல்ட் அதைப் பங்கிட்டுக்கொள்ளும் என்று கணக்குப் போட்டவர், போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும் தரத்தை நம்பித்தான் போட்டார்.

ஒரு பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். வேலை முடிந்து டெலிவரிக்கு நின்ற எஃப்.எல்.பி. மோட்டார். டெர்மினல் பாக்ஸ் மூடியில் எட்டுத் துளை, ஆறு போல்ட். ஆறில் இரண்டு ஹார்டுவேர் கடை எம்.எஸ். போல்ட், தலை மொட்டை. மூடியைப் பிரிக்க உளியைச் செருகித் தட்டியதில் இணைப்பு முகத்தின் குறுக்கே, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை ஒரு கீறல். அதில் எம்-சீல் அப்பியிருந்தது. கேபிள் வராத துளையில் பிளாஸ்டிக் மூடி. உடம்பு முழுக்கப் புதுப் பச்சைப் பெயிண்ட், நேம் பிளேட்டின் மேலேயும். வேலை செய்த தம்பியிடம் கேட்டேன். “மெக்கர்ல நல்லா காட்டுது அண்ணாச்சி. ஆம்ப்ஸ் மூணு பேஸ்லயும் ஒண்ணா இருக்கு. ஆறு போல்ட்டே இறுக்கமா நிக்குல்லா, எட்டு எதுக்கு?” என்றான்.

அவன் அளந்ததெல்லாம் சரிதான். காப்பு சரி, மின்னோட்டம் சரி, பேரிங் சத்தமில்லை. மோட்டார் ஓடுமா என்ற கேள்விக்கு அவன் முழு மதிப்பெண் வாங்கிவிட்டான். உள்ளே வெடித்தால் தீ வெளியே வருமா என்ற கேள்வியை மெக்கரும் கேட்காது, கிளாம்ப் மீட்டரும் கேட்காது. கெட்டுப்போன எஃப்.எல்.பி. மோட்டாரும் நல்ல மோட்டாரும் ஒரே மாதிரிதான் ஓடும். இந்த வேலையின் ஆபத்து முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஸ்டேட்டர் வேலையிலும் இப்படித்தான். பழைய காயிலை எடுக்க எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது பல இடங்களில் வழக்கம். சாதாரண மோட்டாரிலேயே அது கோரைக் கெடுக்கும். எஃப்.எல்.பி. மோட்டாரில், எண்ட் கவர் உட்காரும் முகமே சூட்டில் கோணிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத கோணல் போதும், இடுக்கு அகன்றுவிடும். முகத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கை உப்புத்தாள் போட்டு ‘பளிச்’ என்று தேய்ப்பதும், அதன்மேல் பெயிண்ட் அடிப்பதும், கேஸ்கட் வெட்டி வைப்பதும் அதே கேடுதான். தயாரிப்பாளர் கொடுக்காத கேஸ்கட்டை அந்த முகத்தில் வைத்தால், சோதித்த இடுக்கு போய்ச் சோதிக்காத ஒன்று வந்துவிடும்.

அடுத்தது கம்பி. 18 கேஜ் இல்லை, 19 கேஜ் கைவசம் இருக்கிறது, ஒரு நம்பர்தானே என்று சுற்றிவிடுகிறோம். 18 கேஜ் 1.219 மில்லிமீட்டர், 19 கேஜ் 1.016. குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிட்டது. அதே மின்னோட்டம் ஓடினால் கம்பியில் எழும் வெப்பம் 40 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. பம்புசெட்டில் அது காயில் சீக்கிரம் எரிந்து மறுபடி உங்களிடம் வருவதோடு முடியும். எஃப்.எல்.பி. மோட்டாரில் டி3, டி4 என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். டி3 என்றால் மேற்பரப்பு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, டி4 என்றால் 135-ஐத் தாண்டாது என்ற உறுதிமொழி. தவிட்டு எண்ணெய் எடுக்கும் சால்வென்ட் ஆலைகளில் புழங்கும் ஹெக்சேன் 225 டிகிரி அளவில், பொறி எதுவும் இல்லாமலேயே, சூட்டுக்கே பற்றிக்கொள்ளும். கேஜ் மாறினால் நேம் பிளேட்டில் உள்ள அந்த எழுத்துக்கு அர்த்தம் இல்லாமல் போகிறது. மின்சாரம் மிச்சமாகும் என்று பழைய எஃப்.எல்.பி. மோட்டாருக்கு டிரைவ் மாட்டுவதும் இதில் சேரும். வேகம் குறைந்தால் விசிறியும் மெதுவாகச் சுற்றும், குளிர்ச்சி குறையும். டிரைவில் ஓட்டலாம் என்று சான்றிதழில் இருந்தாலொழிய மாட்டாதீர்கள்.

“இதெல்லாம் பெரிய ரிஃபைனரிக்காரன் கவலை, நமக்கு எதுக்கு?” என்று தோன்றலாம். நம் சீமையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு ஊர் முக்கிலும் பெட்ரோல் பங்க் இருக்கிறது. சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா தயாரிக்கிறார்கள். உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் குளோரினோடு ஹைட்ரஜனும் வரும். தூத்துக்குடியில் உரத்துக்கான அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும், துறைமுகத்தை ஒட்டி எண்ணெய்க் கிடங்குகள் இருக்கின்றன. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கிறது. அங்கே திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்கிறது. நகரங்களின் பாதாளச் சாக்கடை நீரேற்று நிலையங்களில் மீத்தேன் சேரும். லாரி பேட்டரி சார்ஜ் போடும் கடையில்கூட ஹைட்ரஜன் எழும்.

தூசி தனிக் கதை. சர்வதேசத் தரம் வெடிக்கக்கூடிய தூசியை மூன்றாகப் பிரிக்கிறது: பஞ்சு இழை போன்றவை, மாவுத் தூசி போன்றவை, உலோகப் பொடி. மூன்றும் நம் பக்கத்திலேயே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணியின் நீர் விசையை நம்பி ஹார்வி ஆலை எழுந்த விக்கிரமசிங்கபுரம் தொடங்கி நூற்பாலைகளில் பஞ்சு பறக்கிறது. அரிசி, மாவு ஆலைகளில் தவிடும் மாவும் பறக்கின்றன. வடக்கே சிவகாசிப் பக்கம் அலுமினியப் பொடி. தூசியை அடைத்து வை, அகற்று, பற்றவைக்கக்கூடிய எதையும் அருகில் விடாதே என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவே சொல்லிவிட்டது. ஆனால் அரிசி ஆலை மோட்டாரின் மேல் விரல்கடை உயரத்துக்குத் தவிடு படிந்திருப்பதை நீங்கள்தான் முதலில் பார்க்கிறீர்கள். அது மோட்டாருக்குப் போர்வை போர்த்திய மாதிரி. உள்ளே சூடு ஏறும், அந்தத் தவிடே கருகத் தொடங்கும். துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள், முதலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2009 அக்டோபர் 29 மாலை ஜெய்ப்பூர் சீதாபுராவில் உள்ள இந்தியன் ஆயில் கிடங்கில், குழாய்வழியாகப் பெட்ரோலை அனுப்ப ஏற்பாடு செய்தபோது அது பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆவி தரையோடு தரையாகப் பரவியது. பிறகு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள்; தொட்டிகள் பல நாள் எரிந்தன. எம்.பி. லால் தலைமையிலான விசாரணைக் குழு, பற்றவைத்தது எது என்று ஆராய்ந்து இரண்டு சாத்தியங்களைச் சொன்னது: நிர்வாகக் கட்டடத்தில் இருந்த எஃப்.எல்.பி. அல்லாத மின் சாதனம் ஒன்று, அல்லது வளாகத்தில் வண்டியைக் கிளப்பியபோது எழுந்த பொறி. முதல் தவறு கசிவுதான், அதில் சந்தேகமில்லை. வால்வு, ஆள், மேற்பார்வை எல்லாம் கைவிட்ட பிறகு, பொறி வராமலோ வெளியே தெறிக்காமலோ கடைசியில் காக்கக்கூடியவற்றில் மின் சாதனமும் ஒன்று என்பதும் அங்கே தெரிந்தது.

“இருபது வருசமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலையே” என்பார்கள். இருபது வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த மோட்டார் நின்ற இடத்தில் கசிவும் பொறியும் ஒரே நேரத்தில் சந்திக்கவில்லை என்றுதான் பொருள். எஃப்.எல்.பி. உடம்பின் வேலை அந்தச் சந்திப்பு நடக்கும் ஒரு கணத்துக்கு. மற்ற நாளெல்லாம் அது சும்மா கனத்துக் கிடக்கிறது. அதனால்தான் ஆறு போல்ட் போதும் என்று தோன்றுகிறது.

பெட்ரோல் பங்க் வேலைக்குப் போகும் தம்பிமாருக்கு ஒன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். கேபிள் ஓடும் பள்ளத்தில் மணல் நிரப்பச் சொல்வது அதற்காகத்தான். கேமரா மாட்ட, போகஸ் லைட் போட, டிஸ்பென்சர் பக்கம் ஒரு ஜாயின்ட் பாக்ஸ் வைக்க என்று கூப்பிட்டால், அபாயப் பகுதி எல்லை குறித்த வரைபடத்தைக் கேளுங்கள். தொட்டிக்குள் ஜீரோ மண்டலம், வழக்கமான இயக்கத்திலேயே அவ்வப்போது ஆவி வரக்கூடிய இடம் ஒன்று, வழக்கமாக வராது, வந்தாலும் சற்று நேரமே இருக்கும் இடம் இரண்டு. உங்கள் வயர் எந்த மண்டலத்தில் போகிறது என்று தெரியாமல் டிரில்லை எடுக்க வேண்டாம்.

நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

எஃப்.எல்.பி. மோட்டார் வந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன் நேம் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் நகலையும் தயாரிப்பாளரின் அளவுத் தாளையும் உரிமையாளரிடம் கேளுங்கள். சான்றிதழ் எண்ணின் முடிவில் ‘எக்ஸ்’ என்ற எழுத்து இருந்தால் சிறப்பு நிபந்தனை உண்டு என்று அர்த்தம். அதைத் தேடிப் படியுங்கள்.

போல்ட்டுகளைக் கழற்றியவுடன் எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள். குறைந்தால் அதே தரத்தில், அதே நீளத்தில் வாங்குங்கள். மூடியைப் பிரிக்க உளி வேண்டாம். பிரிப்பதற்கென்று மரையிட்ட துளைகள் இருந்தால் அவற்றில் போல்ட்டைத் திருகியே தள்ளலாம். இணைப்பு முகத்தை மெல்லிய துணியால் துடையுங்கள். மூடிய பிறகு ஃபீலர் கேஜால் சுற்றிலும் அளந்து எழுதுங்கள். கிளாண்டும், காலித் துளைக்கான பிளக்கும் சான்று பெற்றவையாக இருக்கட்டும். குறைந்தது ஐந்து மரை முழுதாகப் பிடித்திருக்க வேண்டும்.

கம்பி கேஜ், சுற்று எண்ணிக்கை, இன்சுலேஷன் வகுப்பு மூன்றும் பழையபடியே. முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். இதற்கென்றே ஐ.எஸ். ஐ.இ.சி. 60079-19 என்று ஒரு தரம் இருக்கிறது. சான்றிதழில் உள்ளபடியே பழுது பார்த்திருந்தால் சதுரத்துக்குள் ‘ஆர்’ என்று முத்திரையிட வேண்டும். சான்றிதழிலிருந்து விலகினாலும் தரத்துக்கு உட்பட்டிருந்தால் தலைகீழ் முக்கோணத்துக்குள் ‘ஆர்’. இரண்டுக்கும் பொருந்தாவிட்டால் சான்றுத் தகட்டையே கழற்றிவிட வேண்டும். அந்த மோட்டாரை அபாயமில்லாத இடத்தில் ஓட்டிக்கொள்ளலாம், வீணாகாது. எஃப்.சி. வாங்கிய லாரியின் பிரேக்கைக் கழற்றிய பிறகு கண்ணாடியில் ஸ்டிக்கரை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவதுபோல, கெட்ட உடம்பில் நல்ல தகட்டை விட்டுவைப்பதுதான் பாவம்.

வளைகுடாவுக்குப் போய்வந்த நம் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே ரிஃபைனரியில் எலக்ட்ரீஷியன் வேலைக்குக் காம்ப்எக்ஸ் அல்லது ஐ.இ.சி.எக்ஸ். தகுதிச் சான்று கேட்கிறார்கள். ஆளுக்கு மட்டுமல்ல, பழுதுபார்க்கும் பட்டறைக்கும் ஐ.இ.சி.எக்ஸ். சான்று உண்டு. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் விடுமுறைக்கு வரும் அந்தப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கூப்பிட்டு, அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஐ.டி.ஐ. ஆசிரியர்களும் ஒரு பழைய எஃப்.எல்.பி. டெர்மினல் பாக்ஸை வகுப்பில் வைத்து, இடுக்கைப் பிள்ளைகள் கையால் அளக்க விடலாம். அதற்குச் செலவு அதிகமில்லை.

ஆலை முதலாளிகளும் இதைப் படிக்கக்கூடும். “பொழுதடையறதுக்குள்ள ஓட்டணும்” என்று நீங்கள் போடும் அவசரத்தில்தான் அந்த இரண்டு போல்ட் காணாமல் போகிறது. எஃப்.எல்.பி. மோட்டார் ஒன்றை உபரியாக வாங்கி வைத்திருந்தால் பட்டறைக்காரருக்கு நிதானம் கிடைக்கும். சாதாரண ரீவைண்டிங் கூலியைக் கொடுத்துவிட்டுச் சான்று பெற்ற வேலையை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அளப்பதற்கும் எழுதுவதற்கும் ஆகும் நேரத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள்.

அண்ணாச்சிமாரே, உங்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். “நான் சான்றிதழ் கேட்டால், தர மறுத்தவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடுவார். கூலி போனதுதான் மிச்சம்.” உண்மைதான், ஒரு பட்டறை மட்டும் கேட்டால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் இதைத் தெரிந்த இரண்டு பேரிடம் தனியாகச் சொல்லாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். டவுனிலும் பேட்டையிலும் அம்பையிலும் திருச்செந்தூரிலும் எல்லாப் பட்டறையும் அதே கேள்வியைக் கேட்டால், அந்த மோட்டாருக்குப் போக வேறு இடம் இருக்காது. உங்கள் சங்கக் கூட்டம் அடுத்து கூடும்போது இதை ஒரு தீர்மானமாக வையுங்கள்: சான்றிதழ் நகல் இல்லாமல் எஃப்.எல்.பி. மோட்டாரை இங்கே யாரும் திறப்பதில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆலைப் பராமரிப்புக்காரன் ஒருவன்
பாளையங்கோட்டை